நர்ஸம்மா பதில்கள்: வாசலுக்கு மாத்திரை கொண்டுவருகிறவருக்கு அடிபட்டால்?

(பதில் சொல்பவர்: ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்)

கேள்வி: மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலராக இருக்கிறேன். மாதம் 5,500 ரூபாய் ஊக்கத்தொகை. மாத்திரை கொடுக்கப் போன தெருவில் நாய் கடித்துவிட்டது. ஊசி இலவசமாகப் போட்டார்கள். ஆனால் கால் வீங்கி ஒரு வாரம் நடக்க முடியவில்லை. ஆட்டோவுக்கும் கைக்காசுதான். எனக்கு ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசு காப்பீடு) உண்டா? வேறு காப்பீடு உண்டா?
– ஒரு வாசகி, அரூர்

பதில்: முதலில் ஊசியை முடியுங்கள் அம்மா. வீக்கம் வடிந்துவிட்டது என்று ஒரு தவணையைக்கூட விட்டுவிடாதீர்கள். ஓ.பி. சீட்டைப் பத்திரமாக வையுங்கள்.

ஈ.எஸ்.ஐ. உங்களுக்குக் கிடையாது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் இந்தத் திட்டம் தொடங்கியபோதே, மகளிர் சுய உதவிக் குழுப் பெண்களைத் தன்னார்வலர்களாகத்தான் எடுத்தார்கள், பணியாளர்களாக அல்ல. அதனால் உங்கள் கைக்கு வருவது சம்பளக் கணக்கில் ஏறுவதில்லை, சம்பளம் இல்லாத இடத்தில் ஈ.எஸ்.ஐ.யும் இல்லை.

திட்டம் நல்ல திட்டம். நான் வேலையில் இருந்த காலத்தில் பிரஷர் மாத்திரைக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறி வருவார்கள். இரண்டு மாதம் வந்துவிட்டு நின்றுவிடுவார்கள். அப்புறம் கை கால் விழுந்த பிறகுதான் பார்ப்போம். இன்று அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை அட்டை வாசலுக்கே வருகிறது. அதைக் கொண்டுவருகிறவருக்கு நாய் கடித்தால் ஆட்டோ காசுகூட அவருடையதுதான் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

எவ்வளவு செலவாகிவிடும்? ஈ.எஸ்.ஐ.யில் வேலை கொடுப்பவர் பங்கு 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75 சதவீதம். 5,500 ரூபாய்க்கு அரசு கட்ட வேண்டியது 178 ரூபாய் 75 காசு, நீங்கள் கட்டுவது 41 ரூபாய் 25 காசு. இரண்டும் சேர்த்து மாதம் 220 ரூபாய். அது இருந்திருந்தால், வேலையில் பட்ட காயத்துக்காக நீங்கள் படுத்திருந்த நாட்களுக்குக் கூலியில் 90 சதவீதம் வந்திருக்கும்.

காப்பீடு வேறு விஷயம். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை வாங்கலாம். வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள மையத்துக்குப் போங்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. ஆனால் பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு மட்டும்தான். ஆட்டோவுக்கும் போன கூலிக்கும் அதில் இடமில்லை. 2024 பிப்ரவரி மத்திய பட்ஜெட்டில் ஆஷா என்ற கிராம சுகாதாரப் பெண்களுக்கும் அங்கன்வாடிப் பெண்களுக்கும் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீட்டை நீட்டித்தார்கள். அந்த அறிவிப்பில் நீங்கள் இல்லை.

வழியே இல்லை என்றும் நினைக்காதீர்கள். அங்கன்வாடிப் பெண்களுக்குப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர்களுக்கும் மதிப்பூதியம் என்ற பெயரில்தான் பணம் தந்து வந்தார்கள். அவர்கள் சங்கமாக நின்று கேட்டுக்கொண்டே இருந்தவர்கள். நீங்களும் ஒன்றியத்தில் உள்ள மற்ற தன்னார்வலர்களோடு சேர்ந்து எழுத்தில் கேளுங்கள். எந்தத் தேதியில் எந்தத் தெரு, எத்தனை வீடு என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். கேட்கும்போது அந்த நோட்டுதான் பேசும்.

ஒன்று கேட்கிறேன். ஊருக்கெல்லாம் பிரஷர் பார்க்கிறீர்களே, உங்களுக்குக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

கேள்வி: மக்களைத் தேடி மருத்துவத்தில் இருக்கும் பெண்கள் தன்னார்வலர் என்று தெரிந்துதானே சேர்ந்தார்கள்? இப்போது சம்பளம் கேட்பது நியாயமா?
– ஒரு வாசகர், தர்மபுரி

பதில்: நூறு நாள் வேலைக்கு ஆள் கிளம்புவதற்குள் பிடிக்க வேண்டும் என்று விடியும்போதே கதவைத் தட்டுகிறார்கள். பட்டியல் கொடுக்கிறோம், பார்த்த வீட்டுக்குக் கணக்குக் கேட்கிறோம், குறைந்தால் ஏன் என்று கேட்கிறோம். இதற்குச் சம்பளம் கேட்பதில் என்ன தப்பு? இப்படிப்பட்ட திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக ஏற்று குறைந்தபட்சக் கூலி தர வேண்டும் என்று 2013-லேயே அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து உட்காரும் இந்திய தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்துவிட்டது. அது இன்னும் ஏட்டில்தான் இருக்கிறது.

கேள்வி: அப்பா படுத்த படுக்கை. முதுகில் புண். மாத்திரை தர வரும் அக்காவையே கட்டுப் போடச் சொல்லலாமா?
– ஒரு வாசகர், ஓசூர்

பதில்: வேண்டாம். அவருக்கு அந்தப் பயிற்சி இல்லை. மனசு கேட்காமல் செய்துவிடுவார், ஏதாவது ஆனால் பழியும் அவர் மேல் விழும். இதே திட்டத்தில் வலி நிவாரணச் செவிலியரும் இயன்முறை சிகிச்சையாளரும் வீட்டுக்கு வருவார்கள். அந்த அக்காவிடம் பெயரைப் பதிந்து தரச் சொல்லுங்கள், ஆரம்ப சுகாதார நிலையத்திலும் நீங்களே நேரில் சொல்லுங்கள். அதுவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அப்பாவைப் புரட்டிப் படுக்க வையுங்கள்.