எட்டு மாதம் கடந்த பின்னும் நடை பழகலாமா?

கேள்வி: யாங்கூனில் வசிக்கிறோம். 62 வயதான என் அப்பாவுக்கு எட்டு மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்து, வலது கையும் காலும் தளர்ந்துவிட்டன. படுத்தபடியே காலை மடக்கி நீட்டும் பயிற்சியைத் தினமும் செய்கிறார். கைத்தடியுடன் நடக்கும்போது வலது காலை அரைவட்டமாக வீசி வைப்பதால், "முழங்காலை மடக்குங்கப்பா" என்று ஒவ்வோர் அடிக்கும் சொல்கிறேன். ஆறு மாதத்துக்குப் பிறகு முன்னேற்றம் இல்லை என்கிறார்களே?

பதில்: அப்படியில்லை, சகோதரி. அமெரிக்காவில் 408 நோயாளிகளிடம் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வில், சிறப்பு நடைப்பயிற்சியை 2 மாதத்தில் தொடங்கியவர்களும் 6 மாதத்தில் தொடங்கியவர்களும் ஓராண்டு முடிவில் ஏறத்தாழ ஒரே அளவு முன்னேறியிருந்தார்கள். பிசியோதெரபிஸ்ட் உதவியுடன் வீட்டிலேயே பயிற்சி செய்தவர்களும் பின்தங்கவில்லை.

படுத்துச் செய்யும் பயிற்சி தசைக்கு நல்லதுதான் என்றாலும், மூளை எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறதோ அதையே கற்கும் என்பதால், நடையை நடந்துதான் மீட்க வேண்டும். இரத்த அழுத்தத்தையும் இதயத்தையும் மருத்துவர் பார்த்து அனுமதித்த பின், சற்றே மூச்சு வாங்கும் வேகத்தில், நடுநடுவே உட்கார்ந்து இளைப்பாறியபடி, நாள்தோறும் நடக்கட்டும். நீங்கள் அவருக்கு வலப்பக்கம், அரை அடி பின்னால், அவர் இடுப்பில் கட்டிய பட்டையைப் பிடித்து நில்லுங்கள்.

அடிக்கடி திருத்துவதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். முழங்காலையே நினைத்து நடப்பவரின் நடை இன்னும் விறைக்கக்கூடும். தரையில் சுண்ணாம்புக் கட்டியால் கோடுகள் போட்டு, "அந்தக் கோட்டைத் தாண்டி வையுங்கப்பா" என்று மட்டும் சொல்லுங்கள். பத்து அடி நடந்த பின், எப்படி இருந்தது என்று முதலில் அவரையே கேட்டு, பிறகு உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். கோடு தவறும்போது மூளை தானே அடுத்த அடியைத் திருத்திக்கொள்ளும். விழாமல் காப்பதே உங்கள் வேலை. அது பழகியதும், பக்கவாட்டில் நடப்பது, திரும்புவது, வாசற்படி தாண்டுவது என்று மாற்றிக்கொண்டே இருங்கள்.

காலை வீசுவதற்குப் பாதம் தொங்குவதோ தசை விறைப்போ காரணமாக இருக்கலாம் என்பதால், கணுக்கால் தாங்கி தேவையா என்று நேரில் பரிசோதித்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் எல்லோரும் போடும் விரலிடுக்குச் செருப்பு தளர்ந்த காலில் நிற்காது. குதிகாலில் பட்டை உள்ள செருப்பைக் கொடுங்கள், லுங்கியைக் கணுக்காலுக்கு மேலே கட்டச் சொல்லுங்கள். மாடிப்படியில் ஏறும்போது இடது கால் முதலில், இறங்கும்போது வலது கால் முதலில். நெஞ்சு வலியோ தலைச்சுற்றலோ வந்தால் உடனே உட்கார வைத்து, மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.