ஸ்க்ரூவில் 2,100 மெகாபாஸ்கல்: இடுப்பெலும்பு மாடலில் எங்கே இடிக்கிறது?

கேள்வி: எம்.இ. புராஜெக்டுக்காக, சேக்ரம் (முதுகெலும்பின் அடியில் இடுப்போடு சேரும் எலும்பு) முறிந்த இடுப்பெலும்பைக் கம்ப்யூட்டர் மாடலாக்கி வருகிறேன். சி.டி. ஸ்கேனிலிருந்து எலும்பைப் பிரித்தெடுத்து, சேக்ரத்தின் ஒரு பக்கத்தைச் செங்குத்தாக வெட்டி 1 மி.மீ. இடைவெளி விட்டேன். எஸ்1 (சேக்ரத்தின் முதல் கண்டம்) மட்டத்தில் 7.3 மி.மீ. டைட்டானியம் ஸ்க்ரூ ஒன்றை உருளையாக வைத்து, முழு நீளத்தையும் எலும்போடு ஒட்டினேன். 500 நியூட்டன் சுமைக்கே ஸ்க்ரூவில் 2,100 மெகாபாஸ்கல் ஸ்ட்ரெஸ் (ஒரு பரப்பளவில் விழும் உள்விசை) காட்டுகிறது. மெஷ்ஷை (மாடலைப் பிரித்த சிறு துண்டுகளின் வலை) இன்னும் பொடியாக்கினால் இன்னும் ஏறுகிறது. ஒரு ஸ்க்ரூ போதுமா, இரண்டு வேண்டுமா என்பதுதான் எங்கள் டாக்டருக்குத் தெரிய வேண்டியது. என்ன செய்யலாம்?

பதில்: மெஷ்ஷை விடுங்கள், முதலில் ஒரு காகிதத்தை எடுங்கள். சுமையில் பாதி, அதாவது 250 நியூட்டன், 40 மி.மீ. தள்ளி நின்று ஸ்க்ரூவை வளைப்பதாக வைத்துக்கொள்வோம். வளைவுத் திருப்புத்திறன் 10,000 நியூட்டன் மி.மீ. 7.3 மி.மீ. உருளையின் வெட்டுமுகக் குணகம் (வளைவைத் தாங்கும் திறனின் அளவு) சுமார் 38 கன மி.மீ. வகுத்தால் 260 மெகாபாஸ்கல் சொச்சம். லிகமென்ட்டும் (எலும்புகளைப் பிணைக்கும் நார்) இடுப்பின் முன்பக்க மூட்டும் கைகொடுக்கவே இல்லை என்று வைத்துப் போட்ட கணக்கே இவ்வளவுதான். டைட்டானியம் உலோகக்கலவை நிரந்தரமாக வளையத் தொடங்குவதே 800 மெகாபாஸ்கலுக்கு மேல். ஆக, 2,100 நிஜமான எண் இல்லை. உருளை எலும்பை விட்டு வெளியே வரும் கூர்விளிம்பில், ஒன்றிரண்டு நோடில் (மெஷ் துண்டுகள் சேரும் புள்ளியில்) அது உட்கார்ந்திருக்கும். அப்படிப்பட்ட மூலையில் மெஷ்ஷைப் பொடியாக்கப் பொடியாக்க எண் ஏறிக்கொண்டேதான் போகும். விளிம்பிலிருந்து கொஞ்சம் தள்ளிப் படித்துப் பாருங்கள்.

இதில் இன்னொரு விஷயமும் ஒளிந்திருக்கிறது. 7.3 என்பது மரையின் வெளிவிட்டம். பாதி மரை ஸ்க்ரூக்களில் வழவழப்பான தண்டு 5 மி.மீ. அளவுக்குத்தான் இருக்கும், நடுவில் கைடு வயர் போகும் துளை வேறு. வளைவு ஸ்ட்ரெஸ் விட்டத்தின் மும்மடிக்கு எதிராக மாறுவதால், அதே கணக்கு மூன்று மடங்குக்கு மேல் ஆகிவிடும். ஸ்க்ரூ தயாரிப்பாளரின் அளவு வரைபடத்தைப் பார்த்து, தண்டையும் மரைப்பகுதியையும் தனித்தனி விட்டத்தில் வரையுங்கள். மரையின் ஒவ்வொரு சுற்றையும் வரைய வேண்டியதில்லை.

என் பார்வையில் உங்கள் மாடலின் பெரிய சிக்கல் அந்த 1 மி.மீ. இடைவெளி. டாக்டர் முறிவை நேராக்கி, இரு முகங்களையும் சேர்த்து இறுக்கித்தானே ஸ்க்ரூ போடுகிறார்? இடைவெளி விட்டால் முறிந்த முகம் வழியே எதுவும் கடக்காது. பின்பக்கச் சுமை மொத்தமும் ஸ்க்ரூவின் மேலேயே விழும். முகங்கள் தொட்டுக்கொண்டிருக்கும்படி வைத்து, உராய்வுக் குணகம் 0.3 முதல் 0.5 வரை கொடுத்துப் பாருங்கள். எலும்பு நொறுங்கி நிஜமாகவே இடைவெளி விழுந்த கேஸ் என்றால் மட்டும் இடைவெளி மாடல், அதுவும் தனியாக.

முழு நீளத்தையும் ஒட்டியதையும் மாற்றுங்கள். மரைப்பகுதியை மட்டும் ஒட்டி, தண்டு வழுக்கட்டும்; தலையும் வாஷரும் இலியத்தின் (இடுப்பின் பக்கவாட்டு எலும்பு) வெளிமுகத்தில் தொடுகையாக இருக்கட்டும். பாதி மரை ஸ்க்ரூ என்றால் மரை முழுதும் முறிவுக்கு அப்பால் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இறுக்கமே கிடைக்காது. சில நூறு நியூட்டன் முன்இழுவிசை (ஸ்க்ரூவை இறுக்குவதால் வரும் இழுப்பு) கொடுத்து, அதன்பிறகு உடல் சுமையை ஏற்றுங்கள். தொடுகையைப் போட்டதும் மாடல் ஓடாமல் நிற்கும், பயப்படாதீர்கள். துண்டு எலும்பு பிடிமானமில்லாமல் மிதப்பதுதான் காரணம். மிக மென்மையான ஸ்பிரிங்குகளால் முதல் கட்டத்தில் பிடித்து, இறுக்கம் வந்ததும் கழற்றிவிடுங்கள். கழற்ற முடியாவிட்டால், அந்த ஸ்பிரிங்குகள் தாங்கும் விசை அற்பமானதுதானா என்றாவது பாருங்கள்.

எலும்பைப் பொறுத்தவரை, இடுப்பெலும்பு மெல்லிய ஓட்டுக்குள் பஞ்சு அடைத்த அமைப்பு. ஓடு பெரும்பாலும் 1 முதல் 2 மி.மீ.; யங் மாடுலஸ் (விறைப்பின் அளவு) 17 ஜிகாபாஸ்கல் என்பது வழக்கமான மதிப்பு. உள்ளே சில பத்து முதல் சில நூறு மெகாபாஸ்கல்தான். வயதானவர்களுக்கு சேக்ரத்தின் பக்கச்சிறகு கிட்டத்தட்ட காலியாகவே இருக்கும். ஸ்க்ரூ நன்றாகப் பிடிப்பது எஸ்1 உடலில் என்பதால், மரையின் முனை எதுவரை போகிறது என்பது விடையையே மாற்றிவிடும். ஸ்கேன் அடர்த்தியிலிருந்து மாடுலஸ் எடுப்பதாக இருந்தால், தொடையெலும்புக்கான சமன்பாட்டை அப்படியே தூக்கிப் போடாதீர்கள். ஆபரேஷனுக்குப் பிந்தைய ஸ்கேனும் வேண்டாம். உலோகத்தைச் சுற்றி விழும் கீற்றுகள் அடர்த்தியைக் கெடுத்துவிடும். மெஷ் 4 நோடு டெட்ரா (நான்முகத் துண்டு) என்றால் 10 நோடுக்கு மாறுங்கள், முன்னது தேவைக்கு மேல் விறைப்பாக நடந்துகொள்ளும்.

லிகமென்ட்டுகளை இழுவிசை மட்டும் தாங்கும் ஸ்பிரிங்காகப் போடுங்கள். பியூபிக் சிம்பஸிஸை (இடுப்பின் முன்பக்க மூட்டு) எலும்போடு எலும்பாக ஒட்டிவிடாதீர்கள். இடுப்பெலும்பு வளையத்தின் முன்பக்கத்திலும் முறிவு இருந்தால் அதையும் வெட்டியாக வேண்டும், விட்டுவிட்டால் ஒற்றை ஸ்க்ரூவே அருமையாகத் தாங்குவதுபோல் தெரியும்.

சரி, டாக்டரின் கேள்விக்கு வருவோம். இந்த ஸ்க்ரூக்கள் உடைவதைவிட, எலும்பு தேய்ந்து தளர்வதும் முறிவு நகர்வதும்தான் பெரும்பாலும் தொல்லை. அதனால் ஸ்ட்ரெஸ் வண்ணப்படத்தை மூடிவைத்துவிட்டு, முறிவின் இரு பக்கமும் எதிரெதிராக ஐந்தாறு புள்ளி ஜோடிகளைக் குறித்து, அவை விலகுவதையும் வழுக்குவதையும் மி.மீ. கணக்கில் எடுங்கள். மரையைச் சுற்றிய பஞ்சு எலும்பின் ஸ்ட்ரெயினையும் (நீளம் மாறும் விகிதம்) சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் மரை ஒட்டப்பட்ட மாடல் தளர்வை நேரடியாகக் காட்டாது. இதை ரிப்போர்ட்டில் எழுதிவிடுங்கள். எஸ்1-இல் ஒன்று, எஸ்1-இலும் எஸ்2-இலும் ஒவ்வொன்று என்று இரண்டு மாடல். மற்ற எல்லாம் ஒரே மாதிரி. எஸ்2-இல் பாதை குறுகல், பக்கத்திலேயே நரம்புத் துளைகள். அந்த எலும்பில் ஸ்க்ரூ நுழைய இடம் இருக்கிறதா என்று டாக்டரிடம் ஸ்கேனை வைத்துக் கேட்டுவிட்டு வரையுங்கள்.

இதையெல்லாம் ஓட்டுவதற்கு முன், முறிவே இல்லாத இடுப்பெலும்பை அதே சுமையில் ஒருமுறை ஓட்டி, சேக்ரம் எவ்வளவு இறங்குகிறது என்பதைப் இறந்தவர்களின் இடுப்பெலும்பில் செய்த சோதனைக் கட்டுரைகளோடு ஒப்பிடுங்கள். உராய்வையும் பஞ்சு எலும்பின் மாடுலஸையும் கூட்டிக் குறைத்தும் பாருங்கள். அப்போதும் இரண்டு ஸ்க்ரூ மாடலில் நகர்வு தெளிவாகக் குறைந்தால், அதை டாக்டரிடம் தயங்காமல் சொல்லலாம்.