பூனைக்கு மூச்சுச் சிக்கல்: எப்போது எக்ஸ்ரே, எப்போது சி.டி.?

ஒன்றரை வயதுப் பூனை. இரண்டு மாதமாகத் தூக்கத்திலும் விழிப்பிலும் குறட்டை. ஆன்டிபயாடிக் கொடுத்தும் நிற்கவில்லை. எக்ஸ்ரே போதுமா?

இந்த வயதில் நான் முதலில் சந்தேகப்படுவது, நடுக்காதில் கிளம்பி மூக்குக்குப் பின்னால் தொண்டைக்குள் இறங்கும் சதை வளர்ச்சியை. புற்றுநோய் அல்ல, பயப்படாதீர்கள். பக்கவாட்டில் தலை எக்ஸ்ரே எடுத்தால், மேலண்ணத்தின் பின்பகுதிக்கு மேலே கறுப்பாகத் தெரிய வேண்டிய காற்றுப்பாதையை வெளிறிய உருண்டை ஒன்று அடைத்துக்கொண்டிருக்கும். பெரிதாக வளர்ந்திருந்தால் இதிலேயே தெரிந்துவிடும்.

ஆனால் சிகிச்சையை முடிவு செய்வது காதுதான். பூனையின் நடுக்காதைச் சூழ்ந்த எலும்புக் குமிழை ஒரு மெல்லிய எலும்புத் தடுப்பு இரண்டு அறைகளாகப் பிரிக்கிறது. அவற்றில் எதில் சதையோ திரவமோ நிறைந்திருக்கிறது, எலும்பு தடித்திருக்கிறதா என்பதை சி.டி. ஸ்கேன் தெளிவாகக் காட்டும். காது சுத்தமாக இருந்தால் வாய் வழியாகவே பிடித்து இழுத்து எடுத்துவிடலாம். நிறைந்திருந்தால், இழுத்தெடுத்தது மறுபடி வளர வாய்ப்பு அதிகம். குமிழைத் திறந்து சுத்தம் செய்ய வேண்டிவரலாம். அதன்பின் அந்தப் பக்கக் கண்பாவை சுருங்கி, கண்ணின் உள்மூலையில் இருக்கும் உள்இமை மேலேறி நிற்கலாம்; பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும். செலவுக்கு முடியுமென்றால் சி.டி. எடுங்கள்.

12 வயது. ஒரு மூக்கில் மட்டும் ரத்தம் கலந்த சளி. முதலில் ஸ்கேன், அப்புறம்தான் ஸ்கோப் என்கிறார் டாக்டர். ஏன்?

அவர் சொல்வதே சரி. ஸ்கோப் (கேமரா பொருத்திய மெல்லிய குழாய்) உள்ளே போய்ச் சதை கிள்ளினால் ரத்தம் கசியும். அதற்குப் பிறகு எடுக்கும் சி.டி.யில் ரத்தம் எது, கட்டி எது என்று பிரிப்பது கடினம். ஒரே மயக்கத்தில் சி.டி., ஸ்கோப், பயாப்ஸி (சதைத் துணுக்கை எடுத்துப் பரிசோதிப்பது) என்ற வரிசையில் முடிக்கலாம்.

ஸ்கேனில் எலும்பு அரித்திருப்பதைப் பார்த்ததும் மனம் தளராதீர்கள். இந்த வயதில் லிம்போமா என்ற புற்றுநோய் முதல் சந்தேகம்தான். ஆனால் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சையும் எலும்பை அரிக்கும், மேல்தாடைப் பல்வேரில் பிடித்த சீழும் அரிக்கும். பயாப்ஸி முடிவு வராமல் கருணைக்கொலைக்குச் சம்மதிக்காதீர்கள், இதை வற்புறுத்தியே சொல்கிறேன். மூக்கு லிம்போமாவாகவே இருந்தாலும் பல பூனைகள் கதிர்வீச்சுக்கு நன்றாகக் கட்டுப்படுகின்றன.

வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது. எக்ஸ்ரே எடுக்க உடனே தூக்கிக்கொண்டு போகலாமா?

உடனே போங்கள், ஆனால் எக்ஸ்ரேவுக்காக அல்ல, ஆக்சிஜனுக்காக. திணறும் பூனையை மல்லாக்க அழுத்திப் பிடித்தால் மேஜையிலேயே உயிர் போகலாம். மூச்சு நிதானப்பட்ட பிறகு படம் எடுத்துக்கொள்ளலாம். வீட்டில் இருக்கும் பாராசிட்டமால் மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள்; பூனைக்கு அது விஷம்.

மயக்கம் கொடுக்காமல் எடுக்க முடியாதா?

கழுத்து, நெஞ்சு எக்ஸ்ரே பெரும்பாலும் முடியும். தலையை மயக்கம் கொடுக்காமல் எடுக்க வேண்டாம், கொஞ்சம் சாய்ந்தாலும் இரு பக்கமும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழப்பும். சி.டி. சில நிமிட வேலைதான். மயக்கம் தெளியும் நேரத்தில்தான் கவனம் அதிகம் தேவை; அப்போது யார் பக்கத்தில் இருப்பார்கள் என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

சி.டி.யில் ஒன்றுமில்லை என்றார்கள். குறட்டை அப்படியே இருக்கிறது.

மூக்கின் பின்வாசலில் மெல்லிய சவ்வு குறுக்கே வளர்ந்து வழியைச் சுருக்கியிருக்கலாம். குறுக்குவெட்டுப் படங்களை மட்டும் பார்த்தால் இது தப்பிவிடும். அதே ஸ்கேனை நெடுக்குவெட்டாக மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அண்ணத்துக்குப் பின்னால் வளைந்து மேலே பார்க்கும் ஸ்கோப்பும் தேவைப்படலாம். சவ்வுதான் என்றால், பலூன் வைத்து விரிப்பது வழக்கமான சிகிச்சை. சிலவற்றுக்கு ஒருமுறைக்கு மேலும் செய்ய வேண்டிவரும்.