அந்த முகம் ஏன் சாம்பல் பூத்தது?

கேள்வி: அம்மாபேட்டையில் சின்னதாக ஒரு பியூட்டி பார்லர் வைத்திருக்கிறேன். மணப்பெண் அலங்காரம்தான் முக்கிய வருமானம். போன மாதம் ஃப்ரீசர் பாக்ஸ் வாடகைக்கு விடும் அண்ணன் ஒருவர், ஏற்காட்டில் எஸ்டேட் குடும்பத்து அம்மா ஒருவர் தவறிவிட்டார், முகத்தைக் கொஞ்சம் சரிசெய்து தர முடியுமா என்று கேட்டார். 60 வயது இருக்கும். புற்றுநோய். கீமோவில் தலைமுடியும் புருவமும் போயிருந்தன. கடைசியில் மஞ்சள் காமாலையும் சேர்ந்திருக்கிறது. வெளிநாட்டிலிருந்து மகன் வரவேண்டும் என்று உடலைப் பதப்படுத்தியிருந்தார்கள். மணப்பெண்ணுக்குப் போடும் ஃபவுண்டேஷனையே போட்டேன். கடையில் வாங்கிய கறுப்புச் சவுரியைத் தலையைச் சுற்றி வைத்தேன். அறைக்குள் நன்றாகத்தான் இருந்தது. வெள்ளைத் துணி விரித்த சவப்பெட்டியில் வைத்து, மழைக்காகக் கட்டிய நீலத் தார்ப்பாய்ப் பந்தலுக்குக் கொண்டுவந்ததும் முகமே சாம்பல் பூசியதுபோல ஆகிவிட்டது. "இது எங்கம்மாவே இல்லை" என்று மகள் அழுதார். என்ன தப்பு செய்தேன்? முடி போனவர்களுக்கு என்ன செய்வது? பிரேதத்தைத் தொட்ட கையால் மணப்பெண்ணைத் தொடக்கூடாது என்று மாமியார் வேறு சொல்கிறார். இந்த வேலையை இனி எடுக்கலாமா?
- பெயர் வேண்டாம், சேலம்

பதில்: தங்கச்சி, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த அம்மாவை நீங்கள் சிவப்பாக்கப் பார்த்திருக்கிறீர்கள். மணமேடைக்கு இரண்டு ஷேடு ஏற்றிப் போட்டே பழகிய கை அது. பெண் வீட்டாரும் அதைத்தானே கேட்கிறார்கள்? ஆனால் இழவு வீட்டில் யாரும் அழகைத் தேடி வருவதில்லை, தெரிந்த முகத்தைத் தேடித்தான் வருகிறார்கள். மாநிறமான அம்மாவை மாநிறமாகவே விட்டிருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும்.

சாம்பல் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். உயிருள்ள தோலின் நிறம் ஒரே நிறம் இல்லை. மெலனின் தரும் பழுப்பு, அடியில் ஓடும் ரத்தத்தின் சிவப்பு, கொஞ்சம் கரோட்டினின் மஞ்சள், எல்லாம் சேர்ந்துதான் நாம் பார்க்கும் நிறம். இதயம் நின்றதும் ரத்தம் கனத்தால் கீழே இறங்கிவிடும். மல்லாக்கக் கிடத்தியவருக்கு அது முதுகுப் பக்கம் தேங்கும். முகத்தில் சிவப்பு போய்விடும். மெலனின் எங்கும் போகாது. சிவப்பு இல்லாத பழுப்புதான் அந்தச் சாம்பல். நீங்கள் பிரஷ்ஷைத் தொடும் முன்பே அது வந்துவிட்டது.

இந்த அம்மாவுக்கு இன்னொன்றும் சேர்ந்தது. காமாலையில் தோலில் தங்குவது பிலிரூபின் என்ற மஞ்சள் நிறமி. பதப்படுத்தும் திரவத்தில் இருக்கும் ஃபார்மால்டிஹைடு அதை பிலிவெர்டின் என்ற பச்சை நிறமியாக மாற்றிவிடும். அதனால்தான் காமாலை வந்தவர்களைப் பதப்படுத்தும்போது ஃபார்மால்டிஹைடைக் குறைத்துப் போடுவார்கள். ஆக, உங்கள் கைக்கு வந்தது சிவப்பு இழந்து பச்சை ஏறிய ஒரு பழுப்பு முகம். அதன்மேல் வெளிறிய ஃபவுண்டேஷனைக் கனமாகப் பூசினால் சாம்பலைத் தவிர வேறு எது வரும்?

வழி உங்கள் பெட்டியிலேயே இருக்கிறது. கல்யாணப் பெண்ணின் கருவளையத்துக்கு ஆரஞ்சு கரெக்டர் வைக்கிறீர்கள் இல்லையா? நீலத்தை ஆரஞ்சு அடக்கும், பச்சையைச் சிவப்பு அடக்கும், மஞ்சளை ஊதா அடக்கும். வண்ண இயலில் இவற்றை எதிர்நிறங்கள் என்பார்கள். பதப்படுத்தாத காமாலை முகத்துக்கு மெல்லிய ஊதா. பதப்படுத்திப் பச்சை ஏறிய முகத்துக்குச் செங்கல் சிவப்பு, அதுவும் தோல் தெரியும் அளவுக்கு மெல்லிசாக. அதன்மேல் அவருடைய சொந்த நிறத்தில் ஒரு பூச்சு. கடைசியாக, ரத்தம் ஓடி இயல்பாகவே சிவந்திருக்கும் இடங்களில் கொஞ்சம் வெம்மை: கன்னம், நெற்றி நடு, மூக்கு நுனி, காது மடல், முகவாய். கைவிரல் முட்டிகளை எல்லோரும் மறந்துவிடுவார்கள். பெட்டியில் கோத்து வைத்த கை வெளிறிக் கிடந்தால் முகம் எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை.

கிரீம் குளிர்ந்த தோலில் தானாக உருகிப் பரவாது. உயிருள்ளவரிடம் அந்த வேலையை உடம்புச் சூடு செய்துவிடுகிறது. இங்கே உங்கள் உள்ளங்கையில் இளக்கிக்கொண்டு வைக்கவேண்டும். இழுத்துத் தேய்க்காதீர்கள், முரட்டு பிரஷ்ஷின் நுனியால் குத்திக் குத்தி வையுங்கள். தோலின் துவாரங்கள் போலவே தெரியும். ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் முகத்தில் நீர் முத்துப்போலக் கோக்கும். அப்போது பவுடர் போட்டால் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொள்ளும். ஒற்றி எடுத்துவிட்டுப் பொறுங்கள். உதடு சீக்கிரம் காய்ந்து கறுத்துவிடும் என்பதால், கூப்பிட்ட உடனேயே வாஸ்லின் தடவிவைக்க வீட்டாரிடம் போனிலேயே சொல்லிவிடுங்கள்.

ஒரு நிறத்துக்கு மூன்று குணம் உண்டு என்று 1905-ல் ஆல்பர்ட் மன்செல் என்ற அமெரிக்க ஓவிய ஆசிரியர் வகுத்துக் கொடுத்தார்: எந்த நிறம், எவ்வளவு வெளிர் அல்லது அடர், எவ்வளவு பளிச். இந்த வேலைக்கு நடுவில் இருப்பதுதான் உயிர். சிவப்பில் கொஞ்சம் கூடக்குறைய இருந்தாலும் மன்னித்துவிடுவார்கள், வெளிர்-அடர் தப்பினால் ஆளே மாறிப்போகும். அன்றைக்கு நீங்கள் மலையேறும்போது ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற பழைய சினிமா ஸ்டுடியோவின் நுழைவு வளைவைத் தாண்டித்தான் போயிருப்பீர்கள். 1956-ல் தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் வெளிவந்தது அந்த நிறுவனத்திலிருந்துதான். அதற்கு முன்பு வரைக்கும் ஒப்பனைக்காரர்களுக்குத் திரையில் தெரியப்போவது வெளிரும் அடரும் மட்டும்தான். அதை வைத்தே நம் அம்மா அப்பாக்கள் நடிகர்களை அடையாளம் கண்டுகொண்டார்கள். அதே சோதனையை நீங்கள் போனில் செய்யலாம். வேலை முடிந்ததும் முகத்தைப் படமெடுத்துக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றுங்கள். குடும்பத்தார் தந்த பழைய படத்தையும் அப்படியே மாற்றிப் பக்கத்தில் வையுங்கள். உங்கள் படத்தில் முகம் வெளுத்திருந்தால் துடைத்துவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள்.

அறையில் நன்றாக இருந்த முகம் பந்தலில் கெட்டதற்கு உங்கள் கை மட்டும் காரணமில்லை. நீலத் தார்ப்பாய் வழியாக வரும் வெளிச்சத்தில் சிவப்பு அநேகமாக இருக்காது. நீங்கள் வைத்த கொஞ்சநஞ்ச கன்னச் சிவப்பும் அங்கே செத்துப்போயிருக்கும். ஃப்ரீசர் பாக்ஸில் இருக்கும் வெள்ளை விளக்கும் பெரும்பாலும் நீலம் கலந்ததுதான். அடுத்த முறை பாக்ஸ் அண்ணனிடம் அந்த உள்விளக்கை அணைக்கச் சொல்லி, வெளியே மஞ்சள் வெளிச்சம் தரும் பல்பு ஒன்றைத் தொங்கவிடுங்கள். பல்பு வரும் அட்டையில் வெளிச்சத்தின் நிறத்தைக் குறிக்க 2700கே என்று போட்டிருக்கும். குளிர் வெள்ளையில் 6500கே என்றிருக்கும். நூறு ரூபாய் பல்பு செய்கிற வேலையை ஆயிரம் ரூபாய் ஃபவுண்டேஷன் செய்யாது. முடிந்தால் எந்த வெளிச்சத்தில் உடல் வைக்கப்படுமோ அங்கேயே நின்று ஒப்பனையை முடியுங்கள்.

அப்புறம் அந்த வெள்ளைத் துணி. இதற்கு உங்கள் தெருத் தறிக்காரர்களே சாட்சி: ஒரே நூல், பாவில் ஒரு நிறமாகவும் பார்டர் பக்கத்தில் இன்னொரு நிறமாகவும் தெரியும். பாரிஸில் கோபலின் நெசவாலையின் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த செவ்ருல் என்ற வேதியியலாளருக்கும் இதே வழக்குதான் வந்தது. கறுப்பு நூலில் ஆழம் இல்லை என்று புகார். அவர் சோதித்துப் பார்த்தால் சாயத்தில் குறையே இல்லை, பக்கத்தில் ஓடும் நிறம்தான் கறுப்பைக் கெடுக்கிறது. இதை விளக்கி 1839-ல் பெரிய புத்தகமே எழுதினார். அடர்ந்த நிறம் வெள்ளைக்குப் பக்கத்தில் இன்னும் அடர்ந்து தெரியும். பச்சை ஏறிய முகம் அரக்குப் பட்டுக்குப் பக்கத்தில் இன்னும் பச்சையாகத் தெரியும். பளீர் வெள்ளை சாட்டின் நடுவே மாநிற முகம் கறுத்துத் தெரிய, அதைப் பார்த்துப் பயந்து மேலும் பவுடர் அப்புகிறோம். அதற்குப் பதில் சந்தன நிறத்தில் ஒரு துணியைக் கழுத்தைச் சுற்றி விரித்தால் போதும். சவப்பெட்டிக்காரரிடம் சொன்னால் வெள்ளையின் மேலேயே போட்டுக் கொடுப்பார்.

முடிக்கு வருகிறேன். நீங்கள் கேட்டதில் கஷ்டமானது இதுதான். ஆனால் தலைமுடியைவிடப் புருவம்தான் ஆளைக் காட்டும். புருவமில்லாத முகத்தில் எவ்வளவு நிறம் சேர்த்தாலும் மகள் சொன்னதைத்தான் சொல்வார்கள். பழைய படத்தைப் பார்த்துக் கரும்பழுப்புப் பென்சிலால் ஒவ்வொரு முடியாகக் கீறுங்கள். மூக்குப் பக்கம் முடி மேல்நோக்கி நிற்கும், நடுவில் சாய்ந்து போகும், வால் பக்கம் சற்றுக் கீழே இறங்கும். திரெட்டிங் செய்த வில் புருவம் வேண்டாம். அவர் அப்படி வைத்திருக்க மாட்டார். இந்தத் தொழிலைப் பாடமாகவே வைத்திருக்கும் அமெரிக்கக் கல்லூரிகளில் மெழுகில் ஊசியால் ஒவ்வொரு முடியாகப் பதித்துப் புருவமும் மீசையும் செய்யச் சொல்லித் தருகிறார்கள். நமக்குப் பென்சில் போதும். மணப்பெண்ணுக்கு ஒட்டும் பொய் இமைமுடி கூடவே கூடாது.

சவுரி கடையில் கிடைப்பது கன்னங்கரேல். நிஜத் தலை அப்படி இருக்காது. 60 வயதில் காதோரமும் வகிடும் பெரும்பாலும் நரைத்திருக்கும். ஒரே கறுப்பாகச் சுற்றினால் கொலு பொம்மைதான். முதலில் வீட்டில் கேளுங்கள்: பீரோவில் அவருடைய பழைய சவுரி இருக்கிறதா? உதிர்ந்த முடியைச் சேர்த்துச் சவுரி கட்டிவைக்கும் வழக்கம் அந்த வயதுப் பெண்களிடம் நிறைய உண்டு. அவருடைய முடியைவிடப் பொருத்தமான முடி எங்கே கிடைக்கும்? பிடரியில் கொஞ்சம் முளைத்திருந்தால், வீட்டார் சம்மதத்தோடு அதைக் கத்தரித்து முன்னால் கொண்டுவரலாம். தலை தலையணையில் இருப்பதால் பின்பக்கம் யாருக்கும் தெரியாது. நெற்றி ஓரமும் இரண்டு பக்கமும் போதும். நெற்றியில் கோடு கிழித்தாற்போல முடி ஆரம்பிக்கக் கூடாது. ஓரத்தில் மெல்லிய, குட்டையான இழைகளை அங்கொன்றும் இங்கொன்றுமாக விடுங்கள். வகிடு எந்தப் பக்கம் என்று படத்தில் பார்க்கும்போது ஜாக்கிரதை, செல்ஃபி சில போன்களில் இடவலம் மாறியிருக்கும். கடைசி வாரிவிடுதலை மலைமேல் போய்ச் செய்யுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவில் எந்தச் சவுரியும் இடத்தில் நிற்காது.

இவ்வளவும் சொன்னாலும், என்னைக் கேட்டால் நான் அந்த அம்மாவுக்குச் சவுரியே வைத்திருக்க மாட்டேன். நோய்க்காலத்தில் அவர் தலையில் துணி கட்டியிருந்தார் என்றால், பேரப்பிள்ளைகள் அறிந்த முகம் அதுதான். அவருக்குப் பிடித்த ஸ்கார்ஃபோ கோயிலுக்குப் போடும் முக்காடோ போதும். எது வேண்டும் என்று மகளிடம் முன்கூட்டியே கேட்டிருந்தால் அந்த அழுகையே வந்திருக்காது.

நரைக்கு டை அடிக்கச் சொல்வார்கள். முடி உயிருள்ளவருக்கும் உயிரற்ற பொருள்தான் என்பதால் சாயம் பிடிக்கும், குளிரில் மெதுவாக. ஆனால் தோலில் பட்ட கறை போகாது. நம் தோல் உதிர்ந்து புதிதாகும், அவருடையது ஆகாது. வேருக்கு மட்டும் பழுப்பு மஸ்காராவோ பவுடரோ போடுங்கள். இந்து வீடு என்றால் எண்ணெய், அரப்பு வைத்துக் குளிப்பாட்டிய பிறகே கைவையுங்கள், இல்லையேல் எல்லாம் வழிந்துவிடும். நெற்றியை மஞ்சள் குங்குமத்துக்கு விட்டுவிடுங்கள். முஸ்லிம் வீடுகளில் உடலைக் குளிப்பாட்டுவதும் பெண்களின் கூந்தலைப் பின்னிவிடுவதும் அவர்களே செய்வார்கள். அங்கே நமக்கு வேலையில்லை. ஆண்களுக்குச் சவரம் செய்யும்போது மட்டும் பதமாக. செத்தபின் தாடி வளர்ந்தது என்பார்கள், தோல் காய்ந்து உள்வாங்கியதுதான் அது. அந்தத் தோலில் கத்தி கீறினால் பழுப்புக் கோடாக நின்றுவிடும்.

உங்கள் மாமியார் சொன்னதில் பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். கைக்கு ஒன்றும் ஆகாது, கழுவினால் சுத்தம். பிரஷ்ஷும் கிரீம் டப்பாவும் மணப்பெண்ணுக்குத் திரும்பப் போகக்கூடாது. இதற்கென்று தனிப் பெட்டி, தனி பிரஷ், தனி சீப்பு. கையுறை, முகக்கவசம் கட்டாயம். உடலைப் புரட்டும்போது நெஞ்சில் தங்கிய காற்று வாய்வழியே வரும். காசநோய் இருந்தவர் என்றால் ஆபத்து. வாயின் மேல் ஒரு துணி போட்ட பிறகு புரட்டுங்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டுக்கொள்ளுங்கள். வீடு திரும்பியதும் தலைக்குக் குளித்துவிடுங்கள், மாமியாரும் சமாதானமாகிவிடுவார்.

ஆக, வேலையை எடுக்கலாம். நம் பக்கம் இது ஆஸ்பத்திரிப் பணியாளர், நாவிதர், வீட்டுப் பெண்கள் என்று துண்டு துண்டாகக் கிடக்கிறது. நிறம் தெரிந்த ஒருவர் வந்தால் நல்லதுதான். அந்த மகளுக்குப் போன் செய்து பிலிரூபின் எல்லாம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். பாக்ஸ் அண்ணன் அடுத்து கூப்பிடும்போது, சரி என்று சொல்வதற்கு முன்னால் கேளுங்கள்: காமாலை இருந்ததா, பதப்படுத்தியாயிற்றா, தொற்றுநோய் ஏதும் உண்டா, போஸ்ட்மார்ட்டம் ஆனதா. போஸ்ட்மார்ட்டம் என்றால் காதிலிருந்து காதுவரை உச்சந்தலையில் தையல் இருக்கும். முடி இருந்தால் வாரி மூடலாம், இல்லையென்றால் துணி கொண்டுபோக வேண்டும். முடியில் ரத்தம் காய்ந்திருந்தால் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். வெந்நீர் கறையை இறுக்கிவிடும். அண்ணனுக்கு இதெல்லாம் தெரியவில்லை என்றால், ஆஸ்பத்திரிச் சீட்டையும் நோய்க்கு முன் எடுத்த ஒரு படத்தையும் வீட்டாரிடம் வாங்கி வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். அது வந்த பிறகு கூலி பேசினால் போதும்.