கணவன் மனைவியாகக் காரில் போய், அந்தந்த ஊர்ச் சாப்பாட்டையும் பியரையும் ருசித்த அனுபவம் உங்களுக்கு உண்டா?

உண்டு. ரொம்ப நாளாக எழுத நினைத்திருந்தேன், இந்தக் கேள்வி கண்ணில் பட்டது நல்லதாகப் போயிற்று.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் சிவகங்கைப் பக்கத்துக்காரி. எங்கள் சொந்தத்திலேயே குடியால் அழிந்த வீடு ஒன்று உண்டு. பெரியப்பா சம்பளப் பணத்தோடு வீடு வந்து சேர்ந்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். குடி என்றாலே பெரியம்மா நகையை முந்தானையில் முடிந்துகொண்டு அடகுக்கடைக்குப் போனதுதான் என் நினைவுக்கு வரும். கல்யாணமாகி ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு வந்து நாலு வருஷம் வரை நான் பியரைத் தொட்டதில்லை. அவரும் என் எதிரில் குடித்ததில்லை. அந்த எண்ணத்தை மாற்றியது பிரசங்கம் எதுவும் இல்லை, சாப்பாட்டு மேசைதான். அந்த மேசையைத் தேடித்தான் போன செப்டம்பர் கடைசியில் ஐந்து நாள் காரில் போனோம்.

போன இடம் ஃபிராங்கோனியா. பவேரியா மாநிலத்தின் வடக்குப் பகுதி. பவேரியா என்றால் எல்லாரும் மியூனிக்கையும் அக்டோபர் திருவிழாவையும் சொல்வார்கள். ஆனால் ஊருக்கு ஊர் சின்னச் சின்ன புரூவரி, அதாவது பியர் காய்ச்சும் இடம், இருப்பது இந்த வடக்கில்தான். மேல் ஃபிராங்கோனியா வட்டாரத்தில் மட்டும் நூற்றைம்பதுக்கு மேல் இருக்கின்றன. பல புரூவரிகளின் பியர் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தாண்டிப் போவதே இல்லை. வேண்டுமென்றால் நாம்தான் அங்கே போக வேண்டும்.

கிளம்பும் முன்பே இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டோம். அன்றைக்கு யார் கையில் சாவியோ, அவர் ராத்திரி காரை நிறுத்தும்வரை ஒரு சொட்டுத் தொடக்கூடாது. ஜெர்மன் சட்டம் பொதுவாக ரத்தத்தில் 0.5 புரோமில், அதாவது ஆயிரத்தில் அரைப் பங்கு மது வரை விடுகிறது. புதிதாக லைசென்ஸ் வாங்கியவர்களுக்கும் 21 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கும் பூஜ்யம். எங்களுக்கும் பூஜ்யம்தான் என்று வைத்துக்கொண்டோம். ஒருநாள் விட்டு ஒருநாள் ஓட்டுவது. போகிற நாளையும் திரும்புகிற நாளையும் விட்டால், ஒரு நாளைக்கு நூறு கிலோமீட்டரைத் தொட்டாலே அதிகம்.

முதல் நாள் அவர் ஓட்டினார். ஏ3 நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் போய், ஹோக்ஸ்டட் என்ற ஊருக்கு இறங்கினோம். ஐஷ் ஆற்றுப் பள்ளத்தாக்கு. எங்கே பார்த்தாலும் குளம். இடைக்காலத்தில் மடாலயத் துறவிகளின் விரத நாளுக்கு மீன் வேண்டுமென்று வெட்ட ஆரம்பித்தவை. அதில் வளர்வது கெண்டை! நம்ம கெண்டைக்கு ஒன்றுவிட்ட சொந்தம், செதில் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். மூன்று கோடை வளர்த்து, இலையுதிர்காலத்தில் குளத்து நீரை வடியவிட்டுப் பிடிக்கிறார்கள். வற்றும் கண்மாயில் ஊரே இறங்கி மீன் பிடிப்பதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? மாதத்தின் பெயரில் 'ர்' இருந்தால்தான் அங்கே கெண்டை. செப்டம்பரில் ஆரம்பித்து ஏப்ரலோடு சரி.

மீனைத் தலையோடு வாலோடு நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, மாவில் புரட்டி, முழு எண்ணெயில் பொரித்துக் கொண்டுவந்தார்கள். தட்டில் பாதி மீன் கிண்ணம் மாதிரி வளைந்து, வால் மேலே நிமிர்ந்து நிற்கிறது. பக்கத்தில் உருளைக்கிழங்கு சாலட், காடி ஊற்றியது. நான் கத்தியையும் முள்கரண்டியையும் ஓரமாக வைத்துவிட்டுக் கையால் பிட்டேன். முதலில் வால் துடுப்பு. அப்பளம் மாதிரி நொறுங்கியது. பிறகு விலாவை ஒட்டிய சதை. முள்ளை நாக்கால் ஒதுக்கி எடுக்கிற வித்தை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எதிர் மேசைப் பெரியவர் நான் தின்பதைப் பார்த்து, தன் கத்தியையும் கீழே வைத்துவிட்டுக் கையால் எடுத்தார். அரை லிட்டர் கிளாஸுக்கு அங்கே சைட்லா என்று பெயர். எனக்கு ஒரு சைட்லா பியர், கார் ஓட்டும் என் கணவருக்கு ஆப்பிள் சாறில் சோடா கலந்த ஷோர்லே. எண்ணெய்ப் பிசுக்கைப் பியரின் கசப்பு ஒவ்வொரு வாய்க்கும் துடைத்துவிட்டது. அந்தக் கசப்பு எதற்கு என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

சாயங்காலம் பாம்பெர்க். காரை அறை வாசலில் நிறுத்திவிட்டு நடந்தோம். பழைய நகரம் முழுவதும் 1993 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. ஆற்றின் நடுவில் நிற்கும் பழைய நகர மன்றத்தைப் பார்த்துவிட்டு நேரே ஷ்லெங்கர்லாவுக்குப் போனோம். புகை பியருக்குப் பேர் போன புரூவரிச் சாப்பாட்டுக்கடை. முளைகட்டிய பார்லியைக் காய வைத்தால்தான் மால்ட். அந்தக் காலத்தில் பெரும்பாலும் அடியில் நெருப்பெரித்துத்தான் காய வைத்தார்கள், அதனால் அன்றைய பியரில் பெரும்பாலும் புகை ஏறியிருக்கும். புகை படாமல் காய வைக்கும் சூளை வந்ததும் மற்றவர்கள் மாறிவிட்டார்கள். பாம்பெர்க்கில் ஷ்லெங்கர்லாவும் ஸ்பெட்சியலும் மட்டும் மாறாமல், இன்றைக்கும் பீச் (beech) என்ற காட்டு மரத்தின் கட்டையை எரித்துத் தாங்களே மால்ட்டைப் புகை போடுகிறார்கள்.

மரப் பீப்பாயிலிருந்து நேராகப் பிடித்துக் கொடுத்தார்கள். கரும்பழுப்பு நிறம். மூக்கருகே கொண்டுபோனதும் எனக்கு அம்மாச்சி வீட்டு அடுப்படி வந்துவிட்டது. ஈர விறகை ஊதுகுழலால் ஊதி ஊதி எரித்த நாளில் சோற்றில் ஏறியிருக்குமே, அந்தப் புகை. அவர் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "ஏங்க, அவசரப்படாதீங்க, சாப்பாடு வரட்டும்" என்றேன். வந்தது பாம்பெர்க் வெங்காயம். பெரிய வெங்காயத்தைக் குடைந்து கொத்துக்கறியை அடைத்து வேகவைத்து, மேலே பன்றிக்கறிச் சீவல், சுற்றிலும் அதே புகை பியரில் செய்த குழம்பு. பாம்பெர்க்காரர்களுக்கு 'வெங்காயம் மிதிக்கிறவர்கள்' என்று பட்டப்பெயர். வெங்காயத் தாளை மிதித்து மடக்கிவிட்டால் சத்தெல்லாம் கிழங்குக்குப் போகும் என்று, தோட்டக்காரர்கள் காலில் பலகை கட்டிக்கொண்டு வயலில் நடப்பார்களாம். குழம்பில் இருந்த புகையும் கிளாஸில் இருந்த புகையும் ஒன்றாகச் சேர்ந்த பிறகு அவர் முகம் மாறியது. இரண்டாவது கிளாஸ் அவரே கேட்டார்.

இரண்டாம் நாள் என் முறை. ஃபோர்ஹைம் போகும் வழியில் ஒரு கிராமத்துச் சாப்பாட்டுக்கடையை நம்பிப் போனால், அன்றைக்கு அவர்களுக்கு வார ஓய்வு நாள். அடுத்த ஊரில் மத்தியானம் இரண்டு மணிக்கே அடுப்பை அணைத்துவிட்டார்கள். பசியோடு அலைந்தோம். போகிறவர்கள் முன்னாலேயே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள், கையில் ரொக்கமும் வைத்துக்கொள்ளுங்கள். கிராமங்களில் பல இடங்களில் கார்டு செல்லாது.

அந்தப் பசி, ஃபோர்ஹைமில் ராத்திரிக்குக் காரை நிறுத்திவிட்டு நடந்த பிறகு தீர்ந்தது. ஊரை ஒட்டிய மலைக்காட்டில் பாறையைக் குடைந்து வரிசையாகப் பியர் நிலவறைகள். குளிர்பெட்டி இல்லாத காலத்தில் வெயிலிலிருந்து பியரைக் காப்பாற்றக் கண்ட வழி. நிலவறை கீழே, ஜனங்கள் உட்காருவது அதன் மேலே மர நிழலில். அதனால் ஃபிராங்கோனியாவில் 'நிலவறைக்குள் போகிறேன்' என்று சொல்ல மாட்டார்கள், 'நிலவறை மேலே போகிறேன்' என்பார்கள். பழைய பவேரியாவில் 1553 முதல் வெயில் காலத்தில் பியர் காய்ச்சவே தடை. ஏப்ரல் 23க்குள் காய்ச்சி முடித்துவிட வேண்டும். மார்ச்சில் கொஞ்சம் கெட்டியாகக் காய்ச்சி நிலவறையில் வைத்துக் கோடை முழுவதும் விற்பார்கள். மியூனிக்கில் அதை நிலவறை வாசலிலேயே விற்க ஆரம்பித்ததும் சாப்பாட்டுக்கடைக்காரர்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். 1812இல் அரசர் முதலாம் மேக்ஸிமிலியன் யோசெஃப் ஒரு சமரசம் செய்தார்: புரூவரிக்காரர்கள் பியர் விற்கலாம், ரொட்டி விற்கலாம், வேறு சாப்பாடு கூடாது. ஜனங்கள் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வந்தார்கள். அந்தப் பழக்கம் இன்றைக்கும் பவேரியாவின் பியர் தோட்டங்களில் உண்டு. ஃபிராங்கோனியாவிலும் நிறைய இடங்களில் விடுவார்கள், கேட்டுக்கொள்வது நல்லது.

கட்டுச்சோறு நமக்குப் புதுசா? டிபன் பாக்ஸில் புளியோதரை இருந்தது. வரும்போதே கிளறிக் கொண்டுவந்தது, இரண்டு நாள் தாங்கும். கேட்டோம், தாராளமாகச் சாப்பிடுங்கள் என்றார்கள். நீள மேசையில் எங்களோடு ஒரு குடும்பம்: எண்பதை நெருங்கும் பாட்டி, மகள், மருமகன், சரளைக் கல்லில் விளையாடிக்கொண்டிருந்த இரண்டு பொடிசுகள். பாட்டி வெள்ளை முள்ளங்கியை மெல்லிசாகச் சீவி உப்புத் தூவி வைத்திருந்தார். உப்புப் பட்டு அது தண்ணீர் விட்டுப் பளபளக்கும்வரை காத்திருந்து, ஒரு சீவலை ரொட்டியோடு எனக்கு நீட்டினார். நான் புளியோதரையை ஒரு மூடியில் வைத்துக் கொடுத்தேன். வேர்க்கடலையைக் கடித்தார், புளிப்பு ஏறியதும் கண்ணை மூடிக்கொண்டார், மூடியைத் திரும்ப நீட்டினார். இன்னொரு கரண்டி வைத்தேன். பாட்டி முன்னால் ஒரு சைட்லா, என் முன்னால் ஒன்று. யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, யாரும் தள்ளாடவில்லை, யாரும் யாரையும் அடிக்கவில்லை. நம்மூரில் டாஸ்மாக் வாசலைத் தாண்டும்போது முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வேகமாக நடந்தவள் நான். அந்த மேசையில் என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது தொண்டை அடைத்தது. "என்னம்மா?" என்றார். "காரம்" என்றேன்.

மூன்றாம் நாள் அவுஃப்ஸெஸ். ஆயிரத்து ஐந்நூறு பேர்கூட இல்லாத ஊராட்சிக்கு நாலு புரூவரி என்று 2000ஆம் ஆண்டு கின்னஸ் புத்தகத்தில் ஏறிய இடம். நாலையும் இணைத்து வயலுக்கும் காட்டுக்கும் நடுவே பதின்மூன்று பதினான்கு கிலோமீட்டர் நடைபாதை இருக்கிறது. காரைத் தங்கும் விடுதியில் விட்டுவிட்டு நடந்தோம். போகிற இடத்தில் ஒரே சைட்லா, இரண்டு பேருக்கும் ஒரே கிளாஸ். கூடவே ரொட்டியும் கெருப்ஃப்டரும். பழுத்த கமம்பேர் சீஸை வெண்ணெய், வெங்காயம், காரமில்லாத மிளகாய்த்தூள் போட்டுப் பிசைந்தது. ஹெக்கன்ஹோஃப் கதி புரூவரியின் கறுப்பு பியர்தான் எனக்கு அன்றைக்குப் பிடித்தது, கருகிய ரொட்டி ஓரத்தின் ருசி. ராத்திரி ஷொய்ஃபெர்லா: பன்றித் தோள்கறியை எலும்போடு சுட்டு, மேல் தோல் மொறுமொறுவென்று. கூட வரும் உருளைக்கிழங்கு உருண்டையைப் பிளந்தால் நடுவில் வெண்ணெயில் வறுத்த ரொட்டித் துண்டு. "பூரணம் வெச்ச கொழுக்கட்டைம்மா இது" என்றார் அவர்.

நாலாம் நாள், வெள்ளிக்கிழமை, கிழக்கே விண்டிஷெஷன்பாக் வரை போனோம். அது ஃபிராங்கோனியா இல்லை, பவேரியாவிலேயே அதற்கு அடுத்த வட்டாரமான மேல் பலாட்டினேட். அங்கே சொய்கல் என்று ஒரு முறை. ஊருக்குப் பொதுவாக ஒரு காய்ச்சும் கூடம். விறகு போட்டுத்தான் காய்ச்சல். உரிமை உள்ள வீட்டுக்காரர்கள் அதில் காய்ச்சி, சாற்றைத் தங்கள் வீட்டு நிலவறைக்குக் கொண்டுபோய்ப் புளிக்க வைக்கிறார்கள். இந்த வாரம் யார் முறையோ, அவர் வீட்டில் ஆறுமுனை நட்சத்திரம் தொங்கும். அன்றைக்கு அந்த வீட்டுக் கூடமே கடை. கண்மாய்த் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சுவார்களே, அதே ஏற்பாடு. யார் முறை எப்போது என்று காலண்டர் போட்டு வெளியிடுகிறார்கள். அதைப் பார்த்துத்தான் எங்கள் பயணத் தேதியையே முடிவு செய்தோம். என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை, இருப்பது ஒரே பியர். வடிகட்டாதது, லேசாகக் கலங்கலாக, ரொட்டி வாசனையோடு. வீட்டுக்கார அம்மாவே தட்டில் கறித் துண்டும் ஊறுகாய் வெள்ளரியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, கிளாஸுக்கு அடியில் வைக்கும் அட்டையில் கணக்குக்குப் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போனார்.

சனிக்கிழமை மதியம் வீடு வந்து சேர்ந்ததும் அம்மாவுக்கு போன் போட்டேன். அம்மா எப்போதும் கேட்பது "என்ன சாப்பிட்டீங்க" என்றுதான். கெண்டை மீனைச் சொன்னேன், முள்ளங்கி கொடுத்த பாட்டியைச் சொன்னேன். பிறகு, மறைக்க மனசு வராமல், பியரையும் சொன்னேன். இரண்டு பேரும் சேர்ந்துதான் குடித்தோம், இத்தனைதான் குடித்தோம் என்றும் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பெரியம்மாவைத்தான் நினைக்கிறாள் என்று எனக்குத் தெரியும். நானும் பேசாமல் இருந்தேன்.

"கெண்டையில முள்ளு ஜாஸ்தியாச்சே, மாப்பிள்ளைக்கு எடுத்துக் குடுத்தியா?" என்றாள்.

கொடுத்தேன் என்றேன்.