பச்சை உடம்பு

அன்புள்ள அக்கா,

என் மனைவிக்குக் குழந்தை பிறந்து ஐந்து வாரமாகிறது. நினைத்து நினைத்து அழுகிறாள். குழந்தை தூங்கினாலும் அவள் தூங்குவதில்லை. ‘வெறும் ஹார்மோன்தான், தானா சரியாகிடும்’ என்கிறார்கள் வீட்டில். ஆக்ஸிடோசினை அன்பு ஹார்மோன் என்கிறார்களே, அதை அதிகமாக்க வழி உண்டா?

– ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

ஆக்ஸிடோசினை விடுங்கள். அந்த ‘வெறும்’ என்ற சொல்லைத்தான் என்னால் தாண்டிப் போக முடியவில்லை.

கர்ப்பத்தில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் பல மடங்கு ஏறுகிறது. அதிலிருந்து உண்டாகும் அலோபிரெக்னனலோன் என்ற பொருள், மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருளின் ஏற்பிகளைப் பிடித்து நரம்புகளின் படபடப்பைத் தணிக்கிறது. நஞ்சுக்கொடி விழுந்த சில நாட்களில் இரண்டும் சரிந்துவிடுகின்றன. பயத்தைக் கிளப்பும் அமிக்டலா, அதைப் பிடித்து நிறுத்தும் நெற்றிப்பக்க மூளை எல்லாம் அந்தச் சரிவுக்குப் பழகியாக வேண்டும். எல்லா மூளையும் ஒரே மாதிரி பழகுவதில்லை. 2000-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், கர்ப்பமாக இல்லாத 16 பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஹார்மோன்களை ஏற்றி, பிறகு நிறுத்திப் பார்த்தார்கள். முன்பு பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு வந்திருந்த 8 பேரில் 5 பேருக்கு மனநிலை குலைந்தது. மற்ற 8 பேரில் ஒருவருக்குக்கூட இல்லை. சரிவு எல்லோருக்கும் ஒன்றுதான். இதில் மனத்திடம் எங்கே வந்தது?

என் சித்தி இரண்டாவது பிள்ளை பெற்றபோது எனக்குப் பத்து வயது. ‘பச்சை உடம்புக்காரி’ என்று ஆச்சி அவள் காதில் பஞ்சு வைத்தாள், லேகியம் கிண்டிக் கொடுத்தாள், பச்சைத் தண்ணீரில் கை வைக்க விடவில்லை. அதே சித்தி ‘பயமா இருக்கும்மா’ என்றபோது, ‘ஊர்ல யாரும் பிள்ளை பெறலையா?’ என்றாள். உடம்பு பச்சை என்று தெரிந்தவளுக்கு மூளையும் அந்த உடம்பில்தான் இருக்கிறது என்று தோன்றவில்லை. பிள்ளை வீறிடும், சித்தி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து கிணற்றையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் பழையபடி சிரிக்க இரண்டு வருஷமானது.

ஆச்சிக்குத் தெரியாது. உங்களுக்கென்ன, தம்பி? முதல் சில நாள் அழுகை இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். ஐந்து வாரம் அப்படியில்லை. அவளை உட்காரவைத்து ஒருமுறையாவது கேட்டீர்களா? பிரசவம் பார்த்த மருத்துவரிடம் நாளைக்கே அழைத்துப் போங்கள். சாக வேண்டும்போல இருக்கிறது என்றோ, குழந்தையை ஏதாவது செய்துவிடுவேனோ என்றோ சொன்னால் நாளைவரைகூடக் காத்திருக்காதீர்கள். அவளைத் தனியாக விடாமல் அந்த நேரமே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

போய்வந்து எனக்கு எழுதுங்கள். அவளுக்கு விருப்பமிருந்தால் அவளையே எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா