கால் ஜில்லுன்னு இருக்கா, இல்ல மரத்துப்போச்சா? ரெண்டும் வேற வேற

இந்தத் தடவை வந்த கேள்வியில பாதிக்கு மேல ஒரே பேச்சுதான், "ரத்த ஓட்டம் சரியில்ல டாக்டரம்மா". கை மரத்தாலும் ரத்த ஓட்டம், கால் எரிஞ்சாலும் ரத்த ஓட்டம், ஆடுசதை வலிச்சாலும் அதேதான். பாளையங்கோட்டையில 20 வருசமா இதக் கேட்டுக்கிட்டு இருக்கேன், அதனால பதிலுக்குப் போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிருதேன். வீட்ல வேற யாரையாவது உங்க பாதத்தைத் தொட்டுப் பாக்கச் சொல்லுங்க. அவங்க கைக்கு ஜில்லுன்னு இருந்தா ரத்தக்குழாய் பக்கம் யோசிக்கணும். அவங்க தொட்டதே உங்களுக்குத் தெரியலைன்னா அது நரம்பு. அவங்களுக்கு வெதுவெதுன்னு நல்லாத்தான் இருக்கு, உங்களுக்கு மட்டும் பாதம் கூதலடிக்குன்னா அதுவும் பெரும்பாலும் நரம்புதான். சிலருக்கு ரெண்டும் சேந்தே இருக்கும், அவங்கதான் ரொம்ப கவனமா இருக்கணும்.

மேலப்பாளையத்துல இருந்து ஒருத்தர், வயசு 58: "சுகர் வந்து 14 வருசமாச்சு. ராத்திரியானா ரெண்டு பாதமும் ஐஸ் மாதிரி இருக்கு, மரக்கட்டை மாதிரியும் இருக்கு. வெந்நியில கல்லுப்பு போட்டு காலை வைக்கச் சொல்லுதாங்க வீட்ல. இல்ல ஹாட் வாட்டர் பேக் வாங்கிரவா?"

ரெண்டும் வேண்டாம் பாய். முதல்ல அத நிப்பாட்டுங்க, அப்புறம் காரணம் சொல்லுதேன்.

ஒரு மார்கழியில ஒரு பெரியவரைத் துண்டால கால் சுத்தி ஆட்டோவுல கூட்டிட்டு வந்தாங்க. இதே உப்பு வெந்நிதான். அவருக்கு இதமா இருந்திருக்கு, பக்கத்துல வெளையாடிட்டிருந்த பேத்தி பக்கெட்டுல வெரலை விட்டுட்டு "தாத்தா சுடுது"ன்னு கத்தினப்புறம்தான் காலை எடுத்திருக்காரு. நான் துண்டைப் பிரிச்சப்போ கணுக்காலுக்கு மேல கோடு கிழிச்ச மாதிரி ஒரு செவப்பு, அதுக்குக் கீழ தோல் அப்பளம் மாதிரி பொங்கி நின்னுச்சு, கட்டைவெரல் அடியில தோலே கழண்டு வந்துருச்சு, அவரு என்னடான்னா சிரிச்சுக்கிட்டே "வலியே இல்லம்மா"ங்காரு. வலி இல்லாததுதான் அங்க வியாதியே. புண்ணு ஆற நாலு மாசம் ஆச்சு, ஒரு வெரலை எடுக்கவேண்டியதாப் போச்சு.

சுகர் ரொம்ப நீளமான நரம்பைத்தான் முதல்ல கெடுக்கும், அதனால கால்வெரல் நுனியில ஆரம்பிச்சு ரெண்டு காலுலயும் சாக்ஸ் போட்ட மாதிரி மேல ஏறும், முழங்கால் கிட்ட வரும்போதுதான் கைவெரல்லயும் மதமதன்னு வரும். கெட்டுப்போன நரம்பு மூளைக்குத் தப்பான சேதி அனுப்பும், சூடா இருக்க காலை ஐஸுன்னு சொல்லும், சும்மா இருக்க காலை எரியுதுன்னு சொல்லும், நெசமாவே சுடும்போது வாயே தொறக்காது. அதனால உங்க கால் சொல்லுதத நம்பாதீங்க, கண்ணை நம்புங்க. தெனமும் ராத்திரி படுக்கமுன்னாடி உள்ளங்காலைக் கண்ணாடி வச்சுப் பாக்கணும், இல்ல வீட்ல பாக்கச் சொல்லணும். செருப்பு போடமுன்னாடி கவுத்து ஒரு தட்டு தட்டுங்க, நம்ம ஊர்ல உடைமுள்ளு இல்லாத தெரு எது. வீட்டுக்குள்ளயும் செருப்பு வேணும், பின்னாடி வார் வச்ச, மெத்துன்னு ரப்பர் அடி இருக்க எம்.சி.ஆர் செருப்பு நல்லது. அஞ்சு நேரமும் தொழுகைக்கு ஒளு செய்யுதீங்கன்னா வெரலிடுக்குல ஈரம் நிக்காம ஒத்தி எடுத்துருங்க, சேத்துப்புண்ணு அங்கதான் ஆரம்பிக்கும். பித்தவெடிப்புக்கு எண்ணெயோ வாஸ்லினோ குதிகால்ல போடலாம், வெரலிடுக்குல போடக்கூடாது. கூதலுக்கு லூசான காட்டன் சாக்ஸ் போதும், குளிக்கிற தண்ணியை முழங்கையால தொட்டுப் பாத்துட்டு ஊத்துங்க.

இன்னொண்ணு, டாக்டர்கிட்ட போனா சுகர் சீட்டை மட்டும் நீட்டாதீங்க, செருப்பைக் கழட்டிக் காலைக் காட்டுங்க. 10 கிராம் அழுத்தத்துக்கு வளையுற ஒரு நைலான் இழையை உள்ளங்கால்ல தொட்டும், 128 ஹெர்ட்ஸ் டியூனிங் ஃபோர்க்னு அதிருத கம்பியை எலும்புல வச்சும் உணர்ச்சி இருக்கான்னு பாப்பாங்க, அஞ்சு நிமிச வேலை. வருசத்துக்கு ஒருதடவையாவது பாத்தே ஆகணும்.

முக்கூடல் பக்கம் பீடி சுத்துற ஒரு அக்கா, 43: "ராத்திரி ரெண்டு மணிக்கு கை மரத்து முழிப்பு வந்துருது, நல்லா உதறினாத்தான் சரியாவுது. காலையில இலை வெட்ட கத்திரி பிடிக்க வரல. ரத்தம் ஓடலன்னு சொல்லுதாங்க, நெசமா?"

அக்கா, இது ரத்தம் இல்ல. ஒண்ணு கவனிச்சுச் சொல்லுங்க, சுண்டுவெரல் மரக்குதா? பெருவெரல், ஆள்காட்டி வெரல், நடுவெரல், மோதிரவெரல்ல பாதி மட்டும் மரத்து சுண்டுவெரல் தப்பிச்சிருச்சுன்னா மணிக்கட்டுல நரம்பு நெரிபடுதுன்னு அர்த்தம், கார்ப்பல் டன்னல்னு சொல்லுவோம். மணிக்கட்டுல எலும்புக்கும் ஒரு பட்டைக்கும் நடுவுல சின்ன சந்து மாதிரி இருக்கு, அதுவழியாத்தான் அந்த நரம்பு வருது, கூடவே ஒன்பது தசைநாரும் அதே சந்துலதான். சொளவை மடியில வச்சுக்கிட்டு மணிக்கட்டை மடக்கி மடக்கி ஒருநாளைக்கு ஆயிரம் பீடி சுத்தினா அந்தச் சந்து வீங்கத்தான் செய்யும். தூங்கும்போது கை தானா மடங்கும், அதான் ராத்திரி முழிப்பு.

மெடிக்கல் ஷாப்ல மணிக்கட்டை நேரா வைக்கிற பட்டி கெடைக்கும், அதை ராத்திரி மட்டும் கட்டிக்கிட்டு ஒரு ஆறு வாரம் பாருங்க, நெறைய பேருக்கு இதுலயே கொறஞ்சிருது. பகல்ல அரைமணிக்கு ஒருதடவை சொளவை எறக்கி வச்சுட்டு கையை விரிச்சு நீட்டுங்க, எண்ணிக்கை கொறைஞ்சா கூலி கொறையும்னு தெரியும், ஆனாலும் ரெண்டு நிமிசம் எடுத்துக்கங்க. தைராய்டும் சுகரும் ஒருதடவை பாத்துருங்க, அதுலயும் இது வரும். பெருவெரல் அடியில இருக்க சதை மேடு வத்திப் பள்ளமாயிருச்சுன்னா, இல்ல கையில இருந்து சாமான் தானா நழுவுதுன்னா இழுத்தடிக்காதீங்க, சின்ன ஆபரேஷன்தான், அன்னைக்கே வீட்டுக்கு வந்துரலாம்.

தென்காசிப் பொண்ணு, பெங்களூர்ல வேலை, 26: "ஆபீஸ் ஏசியில வெரல் வெள்ளையாயிருது. சீசனுக்கு ஊருக்கு வந்து ஐந்தருவியில குளிச்சா நாலு வெரலும் மெழுகுவர்த்தி மாதிரி ஆகி, அப்புறம் நீலமாகி, அப்புறம் செவந்து குத்துது. பயமா இருக்கு."

நீ சொன்ன வரிசையே வியாதி பேரைச் சொல்லிருச்சும்மா, வெள்ளை, நீலம், செவப்பு. 1862ல மாரிஸ் ரேனோங்கிற பிரெஞ்சு டாக்டர் எழுதினது, அவர் பேர்லயே ரேனோன்னு சொல்லுதோம். குளிர் பட்டதும் வெரல்ல இருக்க சின்ன ரத்தக்குழாய் தேவைக்கு மேல சுருங்கிக்கிடுது, அப்ப வெள்ளை, நின்ன ரத்தத்துல ஆக்சிஜன் கொறைஞ்சா நீலம், குழாய் திரும்பத் தொறந்து ரத்தம் பாயும்போது செவப்பும் குத்தலும். உன் வயசுப் பொண்ணுங்களுக்கு வர்றது பெரும்பாலும் தொந்தரவுதான், ஆபத்து இல்ல. கையை மட்டும் மூடினா பத்தாது, உடம்பு மொத்தமும் கதகதப்பா இருக்கணும், ஏசியில ஒரு ஸ்வெட்டர் போட்டுக்க. வெரல் வெளுத்தா அக்குள்ல வச்சுக்க, இல்ல வெதுவெதுப்பான தண்ணி, கொதிக்கிறது இல்ல. அருவியை விடவேண்டாம், சாரல்ல நடுங்கிக்கிட்டு நிக்காம குளிச்சதும் தொவட்டி ஒணந்த துணி மாத்திரு. ஒத்தத்தலைவலிக்கு ப்ரோப்ரனலால் மாத்திரை சாப்பிட்டா எழுதிக் குடுத்தவர்கிட்ட சொல்லு, அதுல இது கூடும். ஆனா வெரல் நுனியில புண்ணு, கைத்தோல் இறுகுதது, மூட்டுவலி, முழுங்கக் கஷ்டம், இதுல ஒண்ணு இருந்தாலும் ருமட்டாலஜிஸ்ட்ங்கிற மூட்டு வாத டாக்டரைப் பாக்கணும். முப்பது வயசுக்கு மேல புதுசா வந்தா யாரா இருந்தாலும் பாக்கணும். அடிக்கடி வந்து வேலையே ஓடலன்னா ரத்தக்குழாயை விரிக்குத நிஃபெடிபின் மாதிரி மாத்திரை இருக்கு.

பேட்டை, 63 வயசு, ரிட்டயர்ட்: "டவுன் ஆர்ச்சுல இருந்து நெல்லையப்பர் கோயில் போறதுக்குள்ள ரெண்டு எடத்துல நிக்கவேண்டியிருக்கு, ஆடுசதை கட்டிக்கிட்டு இழுக்கு, நின்னா சரியாயிருது. இடதுகால் வெரலு ஜில்லுன்னு இருக்கு. வாயுன்னு நெனச்சு தைலம் தேய்க்கேன். பீடி உண்டு, 40 வருசமா."

அண்ணாச்சி, இங்கதான் "ரத்த ஓட்டம் சரியில்ல"ங்கிறது நெசமாவே பொருந்துது. நடந்தா வலி, நின்னா ரெண்டு மூணு நிமிசத்துல போயிரும், திரும்ப அதே தூரம் நடந்தா அதே வலி, இது கால் தமனி அடைக்குததோட கணக்கு. வாயு இப்படித் தூரம் பாத்து வராது. கையில பாக்கற மாதிரி கணுக்கால்லயும் பிரஷர் பாப்பாங்க, கணுக்கால் பிரஷரைக் கைப் பிரஷரால வகுத்தா 0.9க்குக் கீழ வந்தா அடைப்பு இருக்குன்னு அர்த்தம். ஊசி கெடையாது, வலி கெடையாது. சுகர்காரங்களுக்குக் குழாய் கல்லு மாதிரி இறுகிப்போய் இது தப்பா கூடுதலா காட்டும், அவங்களுக்கு ரத்தம் ஓடுததைக் காட்டுத டாப்ளர் ஸ்கேன் எடுக்கணும்.

பீடியை விடணும் அண்ணாச்சி, கொறைக்கிறது இல்ல, விடணும். பைய விடுதேன்னு சொன்னவங்கள்ல எத்தனையோ பேரு முழங்காலுக்குக் கீழ இல்லாம வீல்சேர்ல வாராங்க, அதைப் பாத்துப் பாத்துத்தான் இவ்வளவு கடுசாச் சொல்லுதேன், தப்பா எடுத்துக்காதீங்க. 30 வயசு, 35 வயசுப் பையங்களுக்கும் பீடியால கால் கறுத்துப்போகும், பர்ஜர் நோய்னு பேரு, அதுல ஒரு பீடி மிச்சம் வச்சாலும் வியாதி நிக்காது. ரெண்டாவது நடை. வலிக்குதுன்னு உக்காந்துறக்கூடாது, நல்லா வலிக்குத வரைக்கும் நடங்க, நில்லுங்க, வலி போனதும் திரும்ப நடங்க, இப்படி அரைமணியில இருந்து முக்கா மணி, வாரத்துக்கு மூணு நாளாவது, மூணு மாசம் விடாம. அடைப்பு கரையாது, ஆனா பக்கத்துச் சின்னக் குழாயும் சதையும் பழகிக்கிடும், நிக்காம நடக்குத தூரம் கூடும். ஆனா இதெல்லாம் காலைப் பரிசோதிச்சப்புறம், இருதயத்தையும் பாத்துட்டு. கால்ல அடைச்ச கொழுப்பு நெஞ்சுலயும் மூளையிலயும் அடைச்சிருக்க வாய்ப்பு அதிகம், அதனாலதான் ரத்தம் கட்டாம இருக்க ஆஸ்பிரினோ க்ளோபிடோக்ரெல்லோ குடுத்து கூடவே கொழுப்பைக் கொறைக்க ஸ்டாட்டினும் தருவாங்க, வலி நின்னுருச்சுன்னு நீங்களா நிறுத்திராதீங்க.

ராத்திரி படுத்தா வெரல் வலிச்சு, கட்டில்ல இருந்து காலைத் தொங்கப்போட்டாத்தான் கொறையுதுன்னா இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம், அந்த வாரமே ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்கோ ரத்தக்குழாய் சர்ஜன்கிட்டயோ போயிருங்க.

அம்பாசமுத்திரம், சைவம், 51: "எறும்பு ஊறுத மாதிரி இருக்கு. நரம்புத் தளர்ச்சின்னு மாசம் ரெண்டு ஊசி போடுதேன், போதுமா?"

எதுக்குப் போடுதீங்கன்னு தெரியாமலே போடக்கூடாது அக்கா. இந்த மாதிரி ஊசி பெரும்பாலும் நரம்புக்கு வேண்டிய பி12ங்கிற வைட்டமின்தான். சுகருக்கு மெட்ஃபார்மின் மாத்திரை வருசக்கணக்கா சாப்பிட்டா பி12 கொறையும், மீன் முட்டை தொடாதவங்களுக்கு இன்னும் சீக்கிரம். ஊசிக்கு முன்னாடி ரத்தத்துல பி12 அளவு பாத்துருங்க, போட்டப்புறம் பாத்தா அளவு கூடித்தான் காட்டும். ஹீமோகுளோபினும் பாருங்க, பொம்பளைங்களுக்கு 12க்குக் கீழன்னா ரத்தசோகை, கைகால் ஜில்லுன்னு இருக்கதுக்கு அது ஒண்ணே போதும். சாப்பாட்டோட டீ குடிக்காதீங்க, இரும்புச்சத்து சேராது.

ஆலங்குளத்துல இருந்து ஒரு அம்மா: "பையனுக்கு 16 வயசு, முழங்கைக்குக் கீழ வெளுத்த தேமல், அரிப்பு இல்ல, கிள்ளினாலும் தெரியலைங்கான்."

உணர்ச்சி இல்லாத தேமல்னா தொழுநோயான்னு பாத்தே ஆகணும். கூசவேண்டாம், மறைக்கவேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்துல மாத்திரை இலவசம், வகையைப் பொறுத்து 6 மாசமோ 12 மாசமோ, முழுசாக் குணமாயிரும். தள்ளிப்போட்டா நரம்பு போயிரும், போன நரம்பு திரும்ப வராது. நாளைக்கே கூட்டிட்டுப் போங்க.

கடைசியா வள்ளியூர்ல இருந்து: "எங்க ஆச்சிக்கு 74. இருதயத் துடிப்பு ஒழுங்கில்லன்னு மாத்திரை சாப்பிடுதா. போன வாரம் ஒரு கால் மட்டும் திடீர்னு ஜில்லுன்னு ஆகி வலிச்சுது, கொஞ்ச நேரத்துல சரியாயிருச்சு. விட்டுரலாமா?"

விடாதீங்க. இத வாசிச்சதும் ஆச்சியைக் கூட்டிட்டுக் கெளம்பிருங்க. துடிப்பு ஒழுங்கில்லாத இருதயத்துல ரத்தம் கட்டி, அந்தக் கட்டி போய்க் கால் தமனியை அடைக்கும், போன தடவை வந்தது முன்னறிவிப்பா இருக்கலாம். மாத்திரைச் சீட்டையும் ஈசிஜி பேப்பரையும் கையில எடுத்துக்கங்க, ரத்தம் உறையாம இருக்க மாத்திரையை நடுவுல நிறுத்தினாங்களான்னு கேட்டுக்கங்க. மறுபடி ஒத்தக்கால் வெளுத்து, ஜில்லுன்னு ஆகி, வலிச்சு, வெரலை அசைக்க முடியலைன்னா 108க்கு ஃபோன் போடுங்க, தைலம் தேய்க்காதீங்க, சூடு வைக்காதீங்க, காலைத் தலகாணி மேல தூக்கி வைக்காதீங்க. ஆறு மணி நேரத்துக்குள்ள அடைப்பை எடுத்தா காலைக் காப்பாத்த நல்ல வாய்ப்பு இருக்கு. விடியட்டும்னு காத்திருக்கவேண்டாம்.